அளவு சரியாக இருந்தால் மட்டும் போதாது: டர்பைன் எஞ்சின் பாகங்கள் கற்றுத்தந்தவை

கார் உதிரிகளும் பம்பு உதிரிகளும் கடைந்து பழகிய கைகளுக்கு, விமான எஞ்சின் பாகம் முதலில் தரும் அதிர்ச்சி அதன் நிதானம். எஃகை நிமிடத்துக்கு 200 மீட்டர் வேகத்தில் கடைந்தவர், இன்கோனல் 718 என்ற நிக்கல் கலவையின் முன்னால் 40 மீட்டரில் நின்றுவிட வேண்டியிருக்கும். கார்பைடு இன்சர்ட் (கருவியில் மாற்றி மாற்றிப் பொருத்தும் வெட்டும் துண்டு) ஒன்றின் முனை பத்துப் பதினைந்து நிமிடம் தாக்குப்பிடித்தால் அதுவே நல்ல ஆயுள். நானும் கோவையில் பம்பு உதிரி வேலை பழகிய பிறகுதான் பெங்களூருக்கு வந்தேன். கேஸ் டர்பைன் எஞ்சின்களுக்கான வளையங்களையும் டிஸ்க்குகளையும் உறைகளையும் கடையும் ஆலையில் செய்முறைப் பொறியாளராகப் பல ஆண்டுகளாக இருக்கிறேன்.

தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடம் 2019-இல் தொடங்கிவைக்கப்பட்டதிலிருந்து கோவை, ஓசூர், சேலம் பக்கம் பட்டறை நடத்தும் நண்பர்கள் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "ஐந்து அச்சு இயந்திரம் வாங்கிவிட்டோம், அளவு பார்க்கும் கருவியும் இருக்கிறது. இந்த வேலையை எடுக்கலாமா?" எடுக்கலாம். ஆனால் இங்கே விற்பது பாகத்தை மட்டும் அல்ல, அது உருவான விதத்தையும் சேர்த்துத்தான். ஒவ்வொரு முறையும் அதே விதத்தில்தான் உருவானது என்று காட்ட முடியாவிட்டால், எவ்வளவு நுட்பமான அளவில் செய்தாலும் பயனில்லை. எங்கள் ஆலையில் நாங்கள் கண்ட முன்னேற்றங்கள் அனைத்தும் இதைப் புரிந்துகொண்ட பிறகு வந்தவைதான்.

முதலில் உலோகத்தைப் பற்றி. இன்கோனல் 718-இல் பாதிக்கு மேல் நிக்கல். அதோடு குரோமியம், இரும்பு, ஏறத்தாழ ஐந்து சதவீதம் நியோபியம். சுமார் 650 டிகிரி செல்சியஸ் வரை வலுக் குன்றாமல் நிற்பதால்தான் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தும் கம்ப்ரசரின் பின்பகுதியிலும் டர்பைனிலும் அது இடம்பிடித்திருக்கிறது. எஞ்சினுக்குள் அதற்குப் பெருமை சேர்க்கும் குணங்களே பட்டறையில் நமக்கு எதிராகத் திரும்புகின்றன. சாதாரண எஃகில் கால் பங்கு அளவுக்குத்தான் அது வெப்பத்தைக் கடத்தும். அதனால் வெட்டும்போது பிறக்கும் சூடு வெளியேற வழியில்லாமல் கருவியின் முனையிலேயே தேங்குகிறது. இன்னொரு குணம், அழுத்த அழுத்தக் கடினமாவது. முனை மழுங்கி வெட்டாமல் தேய்க்கத் தொடங்கினால், தேய்த்த இடம் இறுகிப்போய் அடுத்து வரும் கருவியைத் தின்றுவிடும். இறுகிய அந்தத் தோல் பாகத்தோடு தங்கிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். அளவுக் கருவியில் எல்லாம் பச்சையாகவே தெரியும். மேற்பரப்புக்குக் கீழே, ஒரு மயிரிழைக்கும் குறைவான ஆழத்தில், உலோகத்தின் அமைப்பு மாறியிருக்கும்.

இது பாடப்புத்தகப் பயமுறுத்தல் என்று நினைப்பவர்களுக்கு, எங்கள் ஆலையில் புதிதாகச் சேருபவர்களிடம் சொல்லும் ஒரு விபத்தைச் சொல்கிறேன். 1996 ஜூலை 6 அன்று அமெரிக்காவின் பென்சகோலா விமான நிலையத்தில், டெல்டா நிறுவனத்தின் எம்.டி.-88 விமானம் ஓடுபாதையில் வேகமெடுத்துக்கொண்டிருந்தபோது இடது எஞ்சினின் முன்பக்க விசிறி மையம் உடைந்து சிதறியது. துண்டுகள் பயணிகள் அறையைத் துளைத்தன. ஒரு தாயும் அவருடைய மகனும் இறந்தார்கள். விசாரணையில் விரிசல் எங்கிருந்து புறப்பட்டது என்று தேடிப்போனவர்கள், டைட்டானியத்தாலான அந்த மையத்தில் போட்டிருந்த ஒரு துளைக்கு வந்துசேர்ந்தார்கள். ஆண்டுகளுக்கு முன் அந்தத் துளையைப் போட்டபோது மிதமிஞ்சிய சூடு ஏறி, சுவர் ஓரத்தில் உலோகம் இறுகி மாறியிருந்தது. தயாரித்த இடத்தில் நடந்த ரசாயனச் சோதனையில் அதன் சாயல் தெரிந்திருக்கிறது. ஆனால் அன்றைய விதிமுறைப்படி அது ஏற்கத்தக்கது என்று விட்டுவிட்டார்கள். பிறகு பராமரிப்பின்போது, விரிசலுக்குள் ஒளிரும் சாயத்தை ஊறவிட்டுப் பார்க்கும் ஒளிர்சாயச் சோதனையிலும் விரிசல் கண்ணில் படவில்லை. ஒரு துளை. அதைப் போடும்போது சில நொடிகள் நிலவிய சூடு. ஆண்டுக்கணக்கான பறப்புகளுக்குப் பிறகு இரண்டு உயிர்கள்.

அதற்குப் பிறகு அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமும் எஞ்சின் நிறுவனங்களும் கூடி, சுழலும் பாகங்களில் துளையிடுவதைத் தனிக் கவனத்துக்குரிய வேலையாக நடத்தத் தொடங்கின. அதனால் என் அனுபவத்தையும் துளையிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்களிடம் ஒரு வளையத்தின் வேலை ஓடிக்கொண்டிருந்தது. விளிம்பைச் சுற்றி போல்ட் துளைகள். டிரில் அவ்வப்போது உடையும். உடைந்தால் பாகம் தனியே ஒதுக்கப்படும். வாடிக்கையாளர் அனுமதி இல்லாமல் அந்தத் துளையைத் தொடக்கூடாது. அடித்து உருவாக்கிய மூலவளையம் ஒன்றின் விலை பல லட்சம் ரூபாய் என்பதால், ஒவ்வொரு முறையும் கூட்டம் கூடுவோம். கூட்டத்தில் பேச்சு முழுவதும் டிரில்லைப் பற்றியே இருக்கும்: எந்த நிறுவனத்துடையது, எந்தப் பூச்சு, என்ன முனைக் கோணம் என்று. மாற்றிப் பார்த்தோம். சில நாள் நன்றாக இருக்கும், பிறகு பழைய கதை.

அந்த இயந்திரத்தில் மூத்த ஆப்பரேட்டர் ஒருவர் இருந்தார். அண்ணே என்றுதான் எல்லோரும் அழைப்போம். அவர் ஒருநாள் சொன்னார்: "தம்பி, டிரில்லை விடுங்கள். தொட்டியைக் கழுவி நாளாகிவிட்டால்தான் உடைகிறது. கழுவிய வாரத்தில் சத்தமே வேறு." உடைந்த நாட்களையும் கூலன்ட் (வெட்டும் இடத்தைக் குளிர்விக்கும் திரவம்) தொட்டி கழுவிய நாட்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோது அவர் சொன்னது அப்படியே இருந்தது. டிரில்லின் உடம்புக்குள் ஓடும் நுண்வழியாகத்தான் கூலன்ட் முனைக்குப் போகிறது. அதன் அழுத்தத்தைக் காட்டும் மானி, பம்புக்கும் வடிகட்டிக்கும் இடையில் பொருத்தப்பட்டிருந்தது. வடிகட்டி அடைத்துக்கொள்ளக்கொள்ள மானியின் முள் ஏறிக்கொண்டே போகும். டிரில் முனையிலோ அழுத்தம் இறங்கிக்கொண்டிருக்கும். உலோகச் சுருள்கள் வெளியே தள்ளப்படாமல் துளைக்குள்ளேயே அடைந்து, அரைபட்டு, சூடேற்றி, கடைசியில் டிரில்லை முறித்தன. முறிந்தவை நம் கண்ணில் பட்டன. முறியாமல், சூடேறியபடியே முடிந்துபோன துளைகள்தான் எனக்குக் கவலை தந்தவை.

செய்தது எளிது. வடிகட்டியைத் தாண்டி இரண்டாவது அழுத்த உணரியைப் பொருத்தி, குறித்த அழுத்தம் இல்லாவிட்டால் துளையிடும் நிரலே தொடங்காதபடி இயந்திரத்தோடு இணைத்தோம். சுழல்தண்டு இழுக்கும் மின்திறனைத் துளைக்குத் துளை பதிவு செய்யத் தொடங்கினோம். நல்ல துளைக்கு ஒரு வரைகோட்டு வடிவம் உண்டு. சுருள் அடைத்தால் கோடு திடுமென்று எகிறும். எல்லையைத் தாண்டினால் இயந்திரம் நின்றுவிடும். மூன்றாவதாக, டிரில்லால் நேராக இறுதி அளவுக்குப் போவதை விட்டோம். சற்றுச் சிறிதாகத் துளையிட்டு, பிறகு போரிங் கருவியால் சுவரை மெல்லச் சீவி எடுக்கிறோம். டிரில் எதையாவது கெடுத்திருந்தால் அந்தத் தோல் அதோடு போய்விடும். ஒரு துளைக்கு ஆகும் நேரம் கூடியது. நான் இதை முன்னேற்றம் என்றுதான் கணக்கில் எழுதினேன். நிர்வாகத்தில் சிலர் முகம் சுளித்தாலும், ஒதுக்கி வைத்த பாகங்களின் அலமாரி காலியானபோது அந்தப் பேச்சு நின்றுவிட்டது.

கூலன்ட் பற்றி இன்னும் கொஞ்சம். பெரும்பாலான பட்டறைகளில் கருவிக்குக் கூலன்ட் அடிப்பது, துண்டுத் துண்டாக வளையும் பிளாஸ்டிக் குழாய்தான். ஒவ்வொரு ஷிப்ட்டிலும் ஒருவர் அதைத் தம் கண்ணுக்குச் சரியென்று படும்படி வளைத்து வைப்பார். எஃகில் இது பெரிய விஷயம் இல்லை. இன்கோனலில் தாரை முனையின் மேல் விழுகிறதா, விரல்கடை தள்ளி விழுகிறதா என்பதே இன்சர்ட்டின் ஆயுளை நிர்ணயிக்கிறது. பகல் ஷிப்ட்டில் முழுதாக ஓடும் முனை இரவு ஷிப்ட்டில் பாதியிலேயே போகிறது என்றால் ஆளைக் குறை சொல்லாதீர்கள், குழாயைப் பாருங்கள். நாங்கள் அவற்றைக் கழற்றிவிட்டு, கருவிப் பிடிப்பானிலேயே துளை வைத்து உயர் அழுத்தத்தில், 70 பார் அளவில், முனைக்கே பாய்ச்சும் வகைக்கு மாறினோம். சுருள்கள் நீளமாகச் சுற்றாமல் நறுக்கென்று உடைந்து விழ ஆரம்பித்தன. கூலன்ட்டின் செறிவையும் நாள்தோறும் மானியால் பார்த்து எழுதுகிறோம். மாலையில் வெறும் தண்ணீர் ஊற்றி மட்டத்தைச் சரிக்கட்டி, செறிவைக் குறைத்துவிடும் பழக்கம் எங்கும் உண்டு. அதை முதலில் ஒழிக்க வேண்டும்.

முனை தேய்வதிலும் இந்த உலோகத்துக்கு ஒரு தனிப் பழக்கம் உண்டு. வெட்டு ஆழம் எங்கே முடிகிறதோ, பாகத்தின் இறுகிய மேல்தோல் முனையில் சரியாக எங்கே படுகிறதோ, அந்த ஒரே கோட்டில் பள்ளம் விழும். மற்ற இடமெல்லாம் புதிதுபோல இருக்க, அந்தப் பள்ளத்திலிருந்து முனை பெயர்ந்துவிடும். இதற்கு விலை உயர்ந்த இன்சர்ட் தேவையில்லை. நிரலை மாற்றினாலே போதும். ஒவ்வொரு ஓட்டத்திலும் ஆழத்தைக் கொஞ்சம் மாற்றுங்கள், அல்லது ஒரே ஓட்டத்தில் ஆழம் சரிவாகக் கூடிக் குறையும்படி எழுதுங்கள். தேய்வு ஓரிடத்தில் குவியாமல் பரவும். முரட்டு வெட்டுக்கு வட்ட இன்சர்ட்டும் உதவும். முனையை எப்போது மாற்றுவது என்பதை ஆப்பரேட்டரின் பார்வைக்கு விடாமல், வெட்டிய நிமிடங்களை இயந்திரமே எண்ணி நிறுத்தும்படி செய்துவிடுங்கள். இறுதி ஓட்டத்துக்கு எப்போதும் புது முனை. ஒரு மேற்பரப்பு முடியும்வரை நடுவில் நிறுத்தக்கூடாது. நிறுத்திய இடத்தில் ஒரு கோடு விழும்; சுழலும் பாகத்தில் அந்தக் கோட்டை யாரும் ஏற்கமாட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த, அதே அளவு தூக்கத்தையும் கெடுத்த வேலை, மெல்லிய சுவர் வளையங்கள். விட்டம் அரை மீட்டருக்கு மேல், சுவரோ இரண்டு மூன்று மில்லிமீட்டர். இயந்திரத்தில் இருக்கும்போது வட்டம் அச்சு அசலாக இருக்கும். பிடியைத் தளர்த்திய கணத்தில் டயல் கேஜின் முள் நகர்வதைக் கண்ணால் பார்க்கலாம். மூன்று தாடைச் சக்கில் பிடித்திருந்தால், விடுபட்டதும் மூன்று இடங்களில் புடைத்துக்கொண்டு நிற்கும். பிடியின் அழுத்தம் ஒரு காரணம். உலோகத்துக்குள் ஏற்கெனவே பூட்டப்பட்டிருக்கும் தகைவு இன்னொரு காரணம். அடித்து, சூடாக்கி, குளிர்வித்து வந்த வளையத்துக்குள் இழுவையும் அழுத்தமும் ஒன்றையொன்று சமன்செய்தபடி இருக்கின்றன. ஒரு பக்கத்து உலோகத்தைச் சீவியதும் சமநிலை குலைந்து, மிச்சம் புதிய வடிவத்துக்கு நகர்கிறது. ஈர மரப்பலகையின் ஒரு பக்கத்தை மட்டும் இழைத்தால் வளைவதுபோல.

நாங்கள் நிலைப்படுத்திய முறை இது. முரட்டு வெட்டில் உள்பக்கம், வெளிப்பக்கம் என்று மாறிமாறி, இரண்டிலும் ஏறக்குறைய சம அளவு எடுக்க வேண்டும். முரட்டு வெட்டு முடிந்ததும் பிடியை முழுவதும் விட்டு, வளையத்தைச் சமதளக் கல்லின் மேல் கட்டில்லாமல் வைத்து அளக்க வேண்டும். எவ்வளவு நகர விரும்புகிறதோ அவ்வளவும் நகரட்டும். பிறகு தாங்கும் முகத்தை மட்டும் மிக மெல்லிய வெட்டில் மீண்டும் தட்டையாக்கி, இறுதி வெட்டுக்குப் பக்கவாட்டில் நெருக்காமல் மேலிருந்து கீழாக, முகத்தில் அமுக்கிப் பிடிக்க வேண்டும். பிடிக்கும் போல்ட்டுகளுக்கு முறுக்கு விசை அளவும் முறுக்கும் வரிசையும் எழுதி ஒட்டியிருக்கிறோம். ஒவ்வொரு போல்ட்டை இறுக்கும்போதும் டயல் கேஜ் வளையத்தைத் தொட்டபடி இருக்கும். குறித்த அளவுக்கு மேல் முள் அசைந்தால், வளையம் இறுக்கத்தால் வளைகிறது என்று பொருள், அடியில் சரிசெய்யாமல் மேலே போகக்கூடாது. இந்த ஒரு பழக்கம் வந்த பிறகு, வளையம் கோணிப்போனதாக வந்த புகார்கள் அரிதாகிவிட்டன.

மூலப்பொருள் ஏன் இவ்வளவு பருமனாக வருகிறது, இறுதி வடிவத்துக்கு அருகிலேயே அடித்துத் தரக்கூடாதா என்று பட்டறைக்காரர்கள் கேட்பது நியாயம்தான். அந்தத் திசையில் நம் நாட்டிலும் வேலை நடக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகம், 2000 டன் அழுத்த இயந்திரத்தில் சம வெப்பநிலையை ஒட்டி அடிக்கும் முறையில் டைட்டானியம் கலவையிலிருந்து உயர் அழுத்தக் கம்ப்ரசரின் ஐந்து நிலை டிஸ்க்குகளையும் உருவாக்கியதாக 2021-இல் அறிவிக்கப்பட்டது. ஜாகுவார், ஹாக் விமானங்களின் அடோர் எஞ்சினுக்கானவை அவை. ஆனால் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். டிஸ்க்கின் உள்ளே குறை இருக்கிறதா என்று மீயொலியால் பார்க்க, நேரான முகங்கள் வேண்டும். அதற்காகவே கொஞ்சம் உலோகம் கூடுதலாக விடப்படுகிறது. 1989-இல் அமெரிக்காவின் சூ சிட்டியில் நொறுங்கிய டிசி-10 விமானத்தின் விசிறி டிஸ்க், டைட்டானியம் உருக்கியபோதே உள்ளே தங்கிவிட்ட ஒரு கடினமான குறையால்தான் உடைந்தது. கூடுதல் உலோகத்தைச் சீவி எறியும்போது எனக்கு அது வீணாகத் தோன்றுவதில்லை.

பிசிறு எடுப்பதைப் பலர் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறார்கள். வரைபடம் கேட்பது ஒரே சீரான உருண்டை விளிம்பு. கையால் எடுத்தால் காலையில் ஒரு விதம், மாலையில் ஒரு விதம். போதாததற்கு, கைக்கருவி வழுக்கி விழுந்த ஒரு கீறலால் முடிந்த பாகம் ஒதுக்கப்படுவதைப் பார்ப்பதுபோல வேதனை வேறில்லை. அதே இயந்திரத்தில், அதே பிடிப்பில், உராய்வுத் துகள் கலந்த நைலான் பிரஷ்ஷை நிரல்படி ஓட்டிவிடுங்கள். கைக்கு மிச்சம் வைப்பது எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

சின்ன விஷயங்களில் எங்கள் ஆலையில் மிகக் கண்டிப்பானது எழுதுகோல். சூடான பகுதிக்குப் போகும் பாகத்தில் சாதாரண பென்சிலால் குறி போடக்கூடாது. எஞ்சின் சூட்டில் அந்தக் கரி உலோகத்தின் நுண்ணிய படிக மணிகளுக்கு இடையிலான எல்லைகளைத் தாக்கி விரிசலுக்கு வழிசெய்யும். அனுமதித்த பேனாக்கள் மட்டும் ஒரு பலகையில் தொங்கும். சட்டைப்பையில் பென்சிலோடு யாரும் உள்ளே வருவதில்லை. துத்தநாகம், காரீயம் போன்ற தாழ்ந்த சூட்டில் உருகும் உலோகங்கள் நிக்கல் பாகத்தில் ஒட்டுவதும் அப்படித்தான். சுத்தியலையும் தாங்குகட்டையையும்கூட என்ன உலோகம் என்று பார்த்துத்தான் உள்ளே விடுகிறோம். ஒளிர்சாயச் சோதனைக்கு முன் அமிலத்தால் லேசாக அரிக்க வேண்டும் என்பதையும் விட்டுவிடாதீர்கள். வெட்டும்போது பூசினாற்போல் இழுபட்ட உலோகம் விரிசலின் வாயை மூடியிருந்தால் சாயம் உள்ளே போகாது, பாகம் குறையற்றதாகத் தோன்றும்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது: முதலில் சுழலாத பாகங்களை எடுங்கள். தாங்கிகள், காப்பு வளையங்கள், உறைகளில் பொருத்தும் சிறு துண்டுகள். விமானத் துறைக்கான தர மேலாண்மைச் சான்றிதழான ஏ.எஸ். 9100 வாசல் மட்டுமே. வெப்பப் பதப்படுத்தல், ஒளிர்சாயச் சோதனை போன்றவற்றுக்கு இத்தகைய சிறப்புச் செய்முறைகளைத் தணிக்கை செய்து தரும் நாட்கேப் அங்கீகாரம் தனியாக வேண்டும்; தொடக்கத்தில் அதை அங்கீகாரம் பெற்ற வெளி நிறுவனத்தில் கொடுப்பதே நல்லது. ஏ.எஸ். 9102 முறைப்படி முதல் பாக ஆய்வை (முதலில் செய்த பாகம் வரைபடத்தின் ஒவ்வொரு தேவைக்கும் பொருந்துகிறதா என்று சரிபார்த்துப் பதிவதை) முடித்துவிட்டு, அந்தப் பாகத்தை இரண்டு ஆண்டு செய்யாமல் விட்டால் அதை மீண்டும் செய்ய வேண்டும். எப்போதாவது வரும் சிறு ஆர்டர்களுக்கு விலை சொல்லும்போது இந்தச் செலவை மறந்துவிடுகிறார்கள்.

கடைசியாக, நண்பர்கள் அதிகம் சலித்துக்கொள்ளும் விஷயம். முக்கியப் பாகம் ஒன்றுக்கு வாடிக்கையாளர் ஒப்புதல் தந்ததும் செய்முறை பூட்டப்பட்டுவிடும். இயந்திரம், கருவி, வேகம், ஊட்டம் (கருவி முன்னேறும் அளவு), கூலன்ட், வேலைகளின் வரிசை எதையும் கேட்காமல் மாற்றக்கூடாது. நல்ல யோசனை தோன்றினாலும் காகிதமும் மாதங்களும் ஆகும். பென்சகோலாவை நினைத்தால் எனக்கு இதில் குறையில்லை. ஆகவே சோதனைகளையெல்லாம் பூட்டுவதற்கு முன்பே செய்து முடிக்கப் பார்க்கிறோம். ஆர்டர் அவசரம் என்று அந்தக் கட்டத்தைச் சுருக்கினால், அரைகுறைச் செய்முறையோடு ஆண்டுக்கணக்கில் வாழ வேண்டியிருக்கும். பூட்டிய பிறகும் வெட்டாத நேரம் நம் கையில்தான் இருக்கிறது. கருவிகளை வெளியிலேயே அளந்து தயாராக வைப்பது, பிடிப்பானை நொடியில் மாற்றும் அடித்தளம், அளவு அறைமுன் வரிசையில் கிடக்கும் பாகங்களைக் குறைப்பது. எங்கள் பாகங்கள் இயந்திரத்தில் இருந்த நேரத்தைவிட அடுத்த வேலைக்காகக் காத்துக்கிடந்த நேரமே மிக அதிகம் என்று தெரிந்தபோது, வேகத்தைத் தொடாமலேயே பாகங்களை முன்கூட்டி அனுப்ப முடிந்தது.

வெட்டும் முறையிலேயே மாற்றம் வேண்டுமென்றால், வாதம் செய்யாமல் துண்டை வெட்டிக் காட்டுவோம். பழைய முறையிலும் புதிய முறையிலும் செய்த மாதிரிகளை, முனை புதிதாக இருந்தபோது ஒன்று, ஆயுள் முடியும் தறுவாயில் ஒன்று என்று எடுத்துக்கொள்வோம். அவற்றைக் குறுக்கே அறுத்து, மெருகேற்றி, அரித்து, நுண்ணோக்கியில் வெண்படலம் (வெட்டும் சூட்டால் அமைப்பு மாறி இறுகிய மெல்லிய தோல்) இருக்கிறதா, மணிகள் எந்த ஆழம்வரை சாய்ந்திருக்கின்றன என்று பார்ப்போம். நுண்கடினத்தன்மையும் எக்ஸ் கதிரால் தகைவும் அளப்போம். புதிய முறை, தேய்ந்த முனையிலும், பழைய முறையின் புது முனைக்கு ஈடாக நின்றால் மட்டும் விண்ணப்பம் போகும். அந்தத் துண்டுகளை எறிவதில்லை. பாக எண்ணும் முனை ஓடிய நிமிடமும் எழுதி, பிசினில் பதித்து, அலமாரியில் வைத்திருக்கிறோம். மாற்றம் கேட்டுப் போகும்போது வாடிக்கையாளரின் உலோகவியலாளர்கள் முதலில் கேட்பது, தேய்ந்த முனையில் வெட்டிய துண்டின் படத்தைத்தான்.